போர்ட்டை மாற்றுவதா, ஹப் போடுவதா?

லினக்ஸ் லேப்டாப்பில் யூஎஸ்பி போர்ட் அடிக்கடி துண்டித்தால், அதை மாற்றுவதா, ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் சாதனம்) போடுவதா என்று குழம்புவோம். சென்னை ராயபுரம், காசிமேடு பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று யூஎஸ்பி பின்களைச் சீக்கிரம் அரித்துவிடும். காசு செலவழிக்கும் முன் டெர்மினலில் 'sudo dmesg -w' (சிஸ்டம் செய்திகளை உடனுக்குடன் காட்டும் கட்டளை) ஓடவிட்டு பென்டிரைவைச் செருகுங்கள். 'error -71' வந்தால் பெரும்பாலும் சிக்னல் கெடுகிறது. லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பின்களைத் துடைத்துக் காயவிடுங்கள். சும்மா கிடக்கும்போது மட்டும் இணைப்பு துண்டித்தால் லினக்ஸைத் துவக்கும் கிரப் (GRUB) அமைப்பில் 'usbcore.autosuspend=-1' சேர்த்துப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால்தான் இந்தக் கேள்வி.

போர்ட் மாற்றுவதில் யூஎஸ்பி 2.0 என்றால் 4 பின், 3.0 என்றால் 9. சிக்கல் பின்களில் இல்லை, போர்ட்டின் உலோக உறையின் கால்களில்தான். அவை கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிவிடும். ஈயம் முழுதாக உருகுமுன் இழுத்தால் பேட் (மதர்போர்டில் கால்கள் ஒட்டியிருக்கும் செம்புத் தகடு) பெயர்ந்து வந்துவிடும். பழைய ஈயத்தோடு புது ஈயமும் ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாக ஓட உதவும் பசை) சேர்த்தால் சுலபமாக இளகும். முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள்: பல மாடல்களில் ஒரு பக்கத்து போர்ட்டுகள் ரிப்பன் கேபிளோடு தனிச் சிறு சர்க்யூட் போர்டில் இருக்கும். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், அந்தச் சர்க்யூட் போர்டையே மாற்றிவிடுங்கள், சால்டரிங் தேவையில்லை.

ஹப்புக்கு நல்ல போர்ட் ஒன்றாவது மிஞ்சியிருக்க வேண்டும். தனி அடாப்டர் உள்ளதையே வாங்குங்கள். 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். அதை ஹார்ட் டிஸ்க்கும் கீபோர்டும் பங்குபோட்டால் டிஸ்க் பாதியில் துண்டித்து ஃபைல்கள் கெடும். ஆடுகிற போர்ட்டில் ஹப்பைச் செருகுவது வீண்.