வட்டமா, சாலையா, நடையா? சுகாதார நிலையம் யாருக்கு எட்டுகிறது என்று வரைவதில் எது சரி

ஆரம்ப சுகாதார நிலையம் யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்று வரைபடத்தில் காட்ட நாலு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வசதி குறைந்த பகுதிகளுக்கு எல்லாமே சமம் இல்லை.

நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுவது முதல் வழி. சீக்கிரம் முடியும். ஆனால் அந்த வட்டத்துக்குள் 78 சதுர கிலோமீட்டர் அடங்கும்; நடுவே ஆறு ஓடினால் கணக்கு பொய்த்துவிடும். எதிர்க்கரையில் 2 கிலோமீட்டரில் ஓர் ஊர், பாலமோ 9 கிலோமீட்டர் தள்ளி என்று வையுங்கள். வரைபடத்தில் அது வசதி உள்ள ஊர். பிரசவ வலியோடு கிளம்பும் பெண்ணுக்கு அது 18 கிலோமீட்டர்.

இரண்டாவது வழியான சாலைவழிக் கணக்கு இதைப் பிடித்துவிடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் சாலைகளை வைத்தே செய்யலாம், நகரத்துக்கு இதுவே போதும். கிராமத்தில்தான் சிக்கல். ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் வரைபடத்தில் ஏறியிருக்காது. அப்போது மென்பொருள் ஊரைப் பக்கத்துச் சாலைக்கு நகர்த்தி, அங்கிருந்து கணக்கைத் தொடங்கும். நடந்து கடக்க வேண்டிய 4 கிலோமீட்டர் காட்டுவழி சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் என் தேர்வு மூன்றாவது: நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடக்க ஆகும் நேரத்தைக் கூட்டுவது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்சஸ்மாட் மென்பொருள் இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. நிலச் சரிவை வைத்து நடை வேகம் சொல்லும் டோப்லர் சூத்திரப்படி சமதளத்தில் நடை வேகம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றத்தில் குறையும். குழந்தையைத் தூக்கி வரும் தாய்க்கு அதுவும் அதிகம், நான் 3 போடுவேன். அப்புறம், ஆறு ஒரே கட்ட அகலத்தில் இருந்தால் மென்பொருள் போடும் பாதை கட்டங்களின் மூலைவாட்டில் நழுவி ஆற்றைக் கடந்துவிடும். கரையோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மழைக்காலத்துக்குத் தனி வரைபடம் வேண்டும்.

நாலாவது, லுவோ, வாங் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் முன்வைத்த இரு படி முறை. இது நெரிசலையும் பார்க்கும். ஒரு நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடியவர்கள் 30,000 பேர், அங்கே மருத்துவர் ஒருவர் என்றால், 30,000 பேருக்கு ஒரு மருத்துவர் என்பது அந்த நிலையத்தின் விகிதம். ஓர் ஊருக்கு எட்டும் நிலையங்களின் விகிதங்களைக் கூட்டினால் அந்த ஊரின் மதிப்பெண். நல்ல யோசனைதான். ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவர் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வந்தால்? நம்பகமான வருகைப் பதிவு இருந்தால் நடை நேரத்தின் மேல் இதை ஏற்றுங்கள். இல்லையென்றால் நடை வரைபடத்தோடு நிறுத்தி, 2 மணி நேரம் தாண்டும் ஊர்களைப் பட்டியலிட்டு, அவற்றில் சிலவற்றுக்காவது நேரில் நடந்து பாருங்கள்.