கரடுமுரடுப் பாதைக்கு ஒரு குட்டி டிரெய்லர்: கட்டி, இழுத்து, பழகியபின்

இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமைக்கலாம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. நாங்கள் கட்டிய டிரெய்லர் இவ்வளவுதான். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, முடிந்தவரை தார் இல்லாத வழியாகவே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கட்டியது. அந்தப் பயணம் முடிந்த பிறகும் அதை இழுத்துக்கொண்டு அலைவதை நாங்கள் நிறுத்தவில்லை. புதிதில் அழகாகத் தெரிந்தவை எவை, நாள்பட உழைத்தவை எவை என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது.

கட்டும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டோம்: இது வழியில் உடைந்தால், இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், நாமே கழற்றி மாட்ட முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் வேண்டாம். போல்ட்டுகளைக்கூட அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். 13, 17, 19 மி.மீ. என்ற மூன்று ஸ்பேனர்கள் இருந்தால் டிரெய்லரில் முக்கால்வாசியைக் கழற்றிவிடலாம். எல்லா நட்டும் உள்ளே நைலான் வளையம் உள்ள வகை. இறுக்கியபின் நட்டிலிருந்து சட்டம்வரை பெயின்ட்டால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் ஒருமுறை குனிந்து சுற்றிவந்தால் போதும், ஸ்பேனரே எடுக்க வேண்டாம்.

சட்டம் 75 × 50 மி.மீ. செவ்வகக் குழாய், 3 மி.மீ. கனம். இழுக்கும் தண்டு பெட்டியின் முன்விளிம்பைச் சந்திக்கும் இடத்தில்தான் வளைவு விசை அதிகம். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழும். அங்கே குழாயின் குறுக்காக வெல்டிங் ஓட்டினால் அந்தக் கோடே பலவீனமாகிவிடும். அதனால் தண்டை முன்விளிம்போடு நிறுத்தாமல் சட்டத்துக்கு அடியில் ஸ்பிரிங் மாட்டும் இடம்வரை கொண்டுபோய், சாய்சதுரத் தகடு வைத்து, வெல்டிங்கைக் குழாயின் நீளவாக்கில் மட்டும் ஓட்டச் சொன்னோம். இன்றுவரை விரிசல் இல்லை. சட்டத்துக்கு அடித்தது வெளிர் சாம்பல் நிறம். பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது, ஆனால் மயிரிழை விரிசல் விழுந்தால்கூடத் துரு கோடாகக் கசிந்து கண்ணில் பட்டுவிடும். கறுப்புப் பெயின்ட்டில் அது தெரியவே தெரியாது.

ஸ்பிரிங் விஷயத்தில் நண்பர்கள் எல்லோருமே ரப்பர் டார்ஷன் ஆக்சிலைத்தான் சிபாரிசு செய்தார்கள். சதுரக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகள் அழுந்தி அதிர்ச்சியைத் தாங்கும். சத்தம் கிடையாது, கிரீஸ் அடிக்கும் வேலையும் கிடையாது. நல்ல சாமான்தான். ஆனால் ரப்பர் தளர்ந்தாலோ சக்கரத்தைத் தாங்கும் கை வளைந்தாலோ ஆக்சிலையே மாற்ற வேண்டும். பழைய கமான்பட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டை ஸ்பிரிங், அப்படியல்ல. ஒரு பட்டை உடைந்தாலும் மற்றவை தாங்கும். கட்டையை முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொண்டாவது ஊர்ந்து ஊர் போய்ச் சேரலாம். அதனால் கமான்பட்டை, கூடவே ஷாக் அப்சார்பர்.

நாள்பட்ட அனுபவத்தில் கமான்பட்டையில் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட். புதுப்பட்டை முதலில் கொஞ்சம் அமுங்கும், அப்போது யு போல்ட் தளரும். தளர்ந்த யு போல்ட்டோடு ஓட்டினால் நடுவில் உள்ள சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் இடம் மாறிவிடும். ஏற்றிய எடையோடு முதல் சில மணிநேரம் ஓட்டியதும் இறுக்க வேண்டும், பிறகு அவ்வப்போது. இரண்டு, பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைத்து ஆடவிடும் ஷேக்கிளில் வரும் புஷ், அதாவது போல்ட் நுழையும் உள்வளையம். எங்களுக்குக் கிடைத்த செட்டில் இருந்தது நைலான் புஷ். மண்ணும் அதிர்வும் சேர்ந்து அதைச் சீக்கிரமே தின்றுவிட்டன; துளை முட்டை வடிவமாகி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு அடி. வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் மாற்றியபின் அந்தச் சத்தம் நின்றது. கட்டும்போதே அதைப் போட்டுவிடுங்கள்.

சக்கரம் பற்றி அதிகம் யோசிக்கவே வேண்டாம். இழுக்கும் வண்டியில் என்ன டயர், என்ன வீல், எத்தனை போல்ட் துளையோ அதுவேதான் டிரெய்லருக்கும். அப்போது இரண்டு ஸ்டெப்னியும் இரண்டுக்கும் பொது. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் ஒன்றாக இருந்தால், வண்டி போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும். மணலில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. புதுத்தடம் வெட்ட வேண்டியதில்லை என்பதால் இழுவை குறைகிறது.

அடுத்து பேரிங். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் டிரெய்லரை நடுவழியில் படுக்கவைப்பதில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இறங்கி, இரண்டு ஹப்பையும் (சக்கரம் மாட்டும் நடுக்குடம், பேரிங் இதற்குள்தான்) புறங்கையால் தொட்டுப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் அல்லது பிரேக். ஓர் ஓடையைத் தாண்டிய மறுநாள் இடப்பக்கம் கையே வைக்க முடியாத சூடு. ஓடிச் சூடான ஹப்பைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். ஆயில் சீலைத் தாண்டித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மூடியைத் தட்டி எடுத்தபோது கிரீஸ் பழுப்பாக இல்லை, பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை நிமிர்த்தி, நட்டைக் கழற்றியதும் வெளிப் பேரிங் கையில் விழுந்தது. உருளைகளில் ஒன்றிரண்டு நீலம் பாரித்திருந்தன. அது சூட்டில் பதம் போனதன் அடையாளம், இனி அந்தப் பேரிங் உதவாது.

பேரிங்கை மட்டும் மாற்றினால் போதாது, ஹப்புக்குள் இறுகியிருக்கும் கப்பையும் (உருளைகள் உருளும் வெளிவளையம்) மாற்ற வேண்டும். அதைச் சாலையோரம் சுத்தியலும் உளியும் வைத்து அடித்து எடுப்பது பெரும்பாடு. அதற்காகவே கப் இறக்கி, பேரிங்கில் கிரீஸ் திணித்து, சீல் அடித்த ஒரு முழு ஹப்பை, பிரேக் டிரம்மோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கிறோம். பழையதை உருவி இதை நுழைக்க வேண்டியதுதான். நட்டை இறுக்கும் விதத்தில் மட்டும் நிதானம் வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே சுழற்சி கனக்கும்வரை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் முடிந்த அளவு மட்டும் திருகி, காட்டர் பின்னுக்கான துளை நேராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பலத்தைக் காட்டினால் புதுப் பேரிங்கும் அடுத்த ஊருக்குள் வெந்துவிடும். இப்போதெல்லாம் தண்ணீரில் இறங்குமுன் நிறுத்தி ஹப் ஆறட்டும் என்று காத்திருக்கிறோம். ஒரு டீக்கான நேரம் போதும்.

எடைப் பங்கீட்டில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் (வண்டியோடு டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் இருக்க வேண்டும். 800 கிலோ டிரெய்லர் என்றால் 80 முதல் 120 கிலோ. அதற்குக் குறைந்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் வந்தபின் ஸ்டியரிங்கால் அடக்குவது கஷ்டம். பெரிய எடை தண்ணீர்தான், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. டேங்க்கை ஆக்சிலுக்கு நேர்மேலே வைத்தால் தண்ணீர் நிறைந்திருந்தாலும் தீர்ந்தாலும் ஹிட்ச் எடை அதிகம் மாறாது. ஏற்றியபின் 750 கிலோவைத் தாண்டினால் பல நாடுகளில் டிரெய்லருக்கே தனி பிரேக் கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள். சரளைக்கல் இறக்கத்தில் பின்னால் இருந்து தள்ளும் எடையை ஒருமுறை உணர்ந்தவர்கள் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

சாதாரணப் பந்து ஹிட்ச் தார்ச்சாலைக்குப் போதும். பள்ளத்தில் வண்டி இடப்பக்கமும் டிரெய்லர் வலப்பக்கமும் சாயும்போது அதன் அசைவு ஓர் அளவோடு முட்டி நின்றுவிடும். அதற்குமேல் எதோ ஒன்று வளைய வேண்டியதுதான். மூன்று திசையிலும் திரும்பும் ஹிட்ச் கனமானது, விலையும் அதிகம். ஆனாலும் இந்தக் காசு வீண் போகவில்லை.

பெட்டியின் அளவை முடிவு செய்தது பிளைவுட்தான். 1220 × 2440 மி.மீ. பலகையை வெட்டாமல் பயன்படுத்தினால் நீளம் தானாகவே அமைந்துவிடும், இரண்டு பேர் நீட்டிப் படுக்கவும் போதும். வெளியே அலுமினியத் தகடு. தகட்டை மரத்தோடு முழுக்கப் பசை போட்டு ஒட்டவில்லை. 2440 மி.மீ. அலுமினியம், வெப்பம் 40 டிகிரி ஏறினால் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே நீளும். மரம் அப்படி நீளாது. ஒட்டினால் தகடு உப்பிக்கொள்ளும். விளிம்புச் சட்டத்தில் மட்டும் பிடித்து, துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, அடியில் பியூட்டைல் டேப் (இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் பட்டை) கொடுத்தோம். சிலிகான் பக்கமே போகவில்லை. அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, வேறு எதுவும் ஒட்டாது.

மழை நீர் இதுவரை உள்ளே வரவில்லை. தூசிதான் வந்தது. அதுவும் எப்படி! முதல் நாள் மண்சாலையில் ஓடி நின்று பின்கதவைத் தூக்கினால், அடுப்பு, தட்டு, பாத்திரம் எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல் செம்மண். கதவு ரப்பரை இரட்டையாக்கினோம், ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைத்தோம், குறைந்தது, நிற்கவில்லை. ஓடும் டிரெய்லருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு, அங்கேயே தூசி சுழல்கிறது. உள்ளே அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இல்லாதவரை எந்த இடுக்கு வழியாகவாவது அது புகும். தீர்வு தலைகீழாக இருந்தது: அடைப்பதற்குப் பதில் திறப்பது. கூரையில், தூசி குறைவாக இருக்கும் உயரத்தில், முன்னோக்கி வாய் திறந்த ஒரு சிறு காற்றுப்பெட்டி. உள்ளே ஸ்பாஞ்சு வடிகட்டி. ஓடும்போது காற்று அதன் வழியாக உள்ளே அழுந்தி, இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. தூசி ஏறக்குறைய நின்றேவிட்டது. வடிகட்டியைத் தினமும் உதற வேண்டும், அவ்வளவுதான்.

அலை அலையாக வரி விழுந்த மண்சாலை வேறு விதமான எதிரி. டயரில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, வேகத்தையும் குறைத்துக்கொள்வோம். அப்படியும் உள்ளே எல்லாம் நடுங்கும். மரத்தில் நேரே முடுக்கிய ஸ்குரூ தளர்கிறது. நட்டு போல்ட் நிற்கிறது. அழுத்தினால் திறக்கும் டிராயர் பூட்டுகள் சீக்கிரமே செத்தன. இழுத்து மாட்டும் கொக்கி வகைப் பூட்டு பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஒன்றுகூடத் திறந்துகொள்ளவில்லை. குளிர்பான அலுமினிய டின்களை அருகருகே அடுக்காதீர்கள். ஒன்றோடொன்று உரசி ஓட்டை விழுந்து ஃபிரிட்ஜ் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர். நடுவில் துணி செருகினால் போதும்.

மின்சாரம்: 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, கூரையில் ஒரு சோலார் பலகை, வண்டியின் மின்சாரத்தில் இந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் 20 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர். இதில் கவனிக்க வேண்டியது ஒயர் கனம். வண்டி பேட்டரியிலிருந்து டிரெய்லருக்குப் போகவர 16 மீட்டர் ஒயர் வரும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.35 வோல்ட் அளவுதான். இரண்டு முனையிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இன்னொன்று, இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ப் பிரதேசம் போகிறவர்கள் பேட்டரியைப் படுக்கைப் பக்கமாக, பெட்டிக்குள் வைப்பது நல்லது.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பேர் இரவெல்லாம் மூச்சுவிடும் ஈரம் எங்காவது போயாக வேண்டும். கூரை ஜன்னலும் பக்க ஜன்னலும் விரலளவாவது திறந்திருக்க வேண்டும், குளிரிலும்தான். மெத்தைக்கு அடியில் பலகையை நேரே போடாமல் இடைவெளி விட்ட சட்டங்கள் போட்டதால் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கவில்லை. குளிருக்காக அடுப்பை உள்ளே பற்றவைக்கும் யோசனையே வேண்டாம். இவ்வளவு சின்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். அதற்கான அலாரம் தலைமாட்டில் இருக்கிறது.

பிடிக்காதது ரிவர்ஸ். குட்டி டிரெய்லர் கண் இமைக்கும் நேரத்தில் மடங்கிக்கொள்கிறது. தண்டு நீளமாக இருந்தால் கொஞ்சம் நிதானம் கிடைக்கும், அதனால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் குழப்பம் குறையும். ரொம்பவும் குறுகலான இடம் என்றால் நாங்கள் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிவிடுகிறோம். சமதரையில் இரண்டு பேர் தள்ளினால் நகரும். பெரிய கேரவன் வைத்திருப்பவர்களிடம் நான் பெருமையடித்துக்கொள்ளும் ஒரே விஷயம் இது.

இப்போதைக்குக் கையில் உள்ள வேலை பின்கதவின் ரப்பர். வெயிலில் இறுகிவிட்டது, கதவை மூடினால் பழையபடி அமுங்கவில்லை. அடுத்த மண்சாலைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். கூடவே முன்பக்கக் கல்தடுப்பு வலையை இன்னும் சாய்வாக வைக்கப்போகிறேன். வண்டி டயர் எறியும் கல் நேர்ச்சுவரில் பட்டால் திரும்பிப் பறந்து வண்டியின் பின்கண்ணாடியையே உடைத்துவிடும். வலை சாய்ந்திருந்தால் கல் தரையைப் பார்த்துப் போகும்.