எட்டுப் பிசானமும் ஒரு காய்ச்சலும்: புரோட்டியோமிக்ஸோடு என் அனுபவம்

2017 கார்த்திகை. சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நடவுக்கு, அதாவது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மழைக்கால நெல் நடவுக்கு, போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா, காய்ச்சல் கண்ட நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை. மருத்துவருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகம். ஆய்வுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு நான் ரத்தம் எடுத்தபோது, "இம்புட்டுக்காணு ரத்தத்துல என்னத்தம்மா பாக்கிய?" என்று கேட்டார். "எந்தக் காய்ச்சல்னு சீக்கிரமே சொல்லுத புரதம் எதுவும் இருக்கான்னு பாக்கோம்க்கா" என்றேன்.

அந்தக் கேள்வியோடுதான் எட்டு வருடமாகப் புரோட்டியோமிக்ஸை, அதாவது ஒரு மாதிரியில் இருக்கும் புரதங்களை மொத்தமாக அடையாளம் கண்டு அளக்கும் முறையை, பயன்படுத்தி வருகிறேன். பாளையங்கோட்டையில் எங்களுடையது சின்ன ஆய்வகம். அதற்கு வேண்டிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது மூலக்கூறுகளை எடைபோடும் கருவி, எங்களிடம் கிடையாது. மாதிரியை இங்கே தயார் செய்து, வெளியூர் மையத்துக்கு அனுப்பி ஓட்டி வாங்குகிறோம். இப்படி வேலை செய்கிறவர்கள் நம் பக்கம் இன்னும் பலர் இருப்பார்கள். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எலிக்காய்ச்சலைப் பற்றி இரண்டு வரி. லெப்டோஸ்பைரா என்ற சுருள் பாக்டீரியா எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீர் வழியாகச் சேற்றுக்கு வருகிறது. சேற்றில் நிற்கிறவர்களின் காலில் இருக்கும் வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகிறது. உலக அளவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இது வருகிறது, ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015-ல் வந்த மதிப்பீடு சொல்கிறது. ஒரு வாரம் போன பிறகுதான் எதிர்ப்பொருள் நன்றாகத் தெரியும். ஆனால் நோயாளி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வந்துவிடுகிறார். அந்த நேரத்தில் டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் கேட்கும், டெங்குவுக்கு அது பயன்படாது. ஆரம்ப நாட்களில் இவற்றைப் பிரித்துச் சொல்லும் ஒரு புரதம் கிடைத்தால் அது உயிரைக் காப்பாற்றும்.

செய்முறை எழுத்தில் எளிமையானதுதான். புரதத்தை விரித்து, டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைக்கிறோம். லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வரும் இடத்தில் மட்டும் அது வெட்டும். கிடைக்கும் பெப்டைடுத் துண்டுகளை எடையிட்டு, உடைத்து, எந்தப் புரதத்தைச் சேர்ந்தவை என்று கணினி கண்டுபிடிக்கும். புரதம் மாதிரியான பெரிய மூலக்கூறைச் சிதையாமல் ஆவியாக்கி எடைபோடும் வழியைக் காட்டியதற்குத்தான் ஜான் ஃபென்னுக்கும் கொய்ச்சி தனாக்காவுக்கும் 2002-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

கைவேலை அவ்வளவு எளிது இல்லை. முதல் எதிரி கெரட்டின், அதாவது நம் தோலிலும் முடியிலும் இருக்கும் புரதம். சித்திரை வெயிலில் காற்றாடியை நிறுத்திவிட்டு, தலையை மூடிக் கட்டிக்கொண்டு, கையுறையோடு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். காற்றாடி ஓடினால் முடிவுப் பட்டியலின் தலையில் கெரட்டின்தான் நிற்கும். இரண்டாவது எதிரி, பாக்டீரியா வளர்க்கும் ஊடகம். லெப்டோஸ்பைராவை ஈ.எம்.ஜே.எச் ஊடகத்தில் வளர்க்கிறோம். அதில் மாட்டு ஆல்புமின் என்ற புரதம் ஏராளம். பாக்டீரியாவைச் சரியாகக் கழுவாவிட்டால் ஓட்டியது பூராவும் மாட்டுப் புரதமாக இருக்கும். அழுத்திச் சுழற்றிக் கழுவினால் அதன் வெளிச்சவ்வு கழன்றுவிடும். கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்த உப்புக் கரைசலில், மெதுவாக, மூன்று தடவை. இந்த ஒன்றைப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

ரத்தத்தில் வேறு தொல்லை. நாங்கள் ஓட்டுவது அதன் சீரம், அதாவது அணுக்களை நீக்கிய தெளிந்த திரவம். அதில் இருக்கும் புரதத்தின் எடையில் பாதிக்கு மேல் ஆல்புமின். இருபதுக்குச் சற்று மேற்பட்ட புரதங்களே 99 சதவீதத்தை அடைத்துக்கொள்கின்றன. நாம் தேடுவது மிச்சம் இருக்கும் ஒரு சதவீதத்துக்குள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பைக்கில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆன குழாயையும், எடுத்த உடனே சீரத்தைப் பிரித்த குழாயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் குழாயை ஒதுக்கிவிட வேண்டும். இப்போது எடுத்த நேரம், பிரித்த நேரம், நிறம் மூன்றையும் எழுதாத குழாயை நான் உள்ளேயே விடுவதில்லை.

2018-ல் முதல் ஓட்டம். பன்னிரண்டு நோயாளிகள், பன்னிரண்டு ஆரோக்கியமானவர்கள். பட்டியலில் நான் எழுதிய வரிசையிலேயே அங்கே ஓட்டினார்கள், முதலில் நோயாளிகள், அப்புறம் மற்றவர்கள். முடிவு கண்ணைப் பறித்தது, இரண்டு கூட்டமும் துல்லியமாகப் பிரிந்து நின்றன. ஒரு வாரம் கழித்து ஓட்டக் குறிப்பைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பெப்டைடுகளைப் பிரிக்கும் குழலை மாற்றியிருக்கிறார்கள். நோயால் வந்த வித்தியாசம் எது, குழலால் வந்தது எது என்று பிரிக்கவே வழியில்லை. மொத்தத்தையும் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மாதிரிகளைக் கலைத்துப் போட்டுத்தான் அனுப்புகிறேன். எல்லா மாதிரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொதுக் கலவை ஒன்றை ஒவ்வொரு எட்டு ஓட்டத்துக்கும் ஒருமுறை ஓட்டச் சொல்கிறேன். அதன் அளவு மாறினால் கருவியில்தான் கோளாறு.

இதைவிடப் பெரிய தப்பு என் கேள்வியிலேயே இருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

2019-ல் மாதிரிகளைக் கலைத்துப் போட்டு ஒழுங்காக ஓட்டினோம். பட்டியலின் மேலே சி.ஆர்.பி, சீரம் அமிலாய்டு ஏ, ஹாப்டோகுளோபின் என்ற மூன்று புரதங்கள். எல்லாம் ஏறியிருந்தன. என்னோடு வேலை செய்யும் மருத்துவ அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "தாயீ, நிமோனியாக்காரனுக்கும் இதெல்லாம் ஏறுமே. ஆரோக்கியமா இருக்கவன் யாரு எங்கிட்ட வாரான்? எங்கிட்ட வாரவனுக்கு எல்லாம் காச்சதான்" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்த எட்டு வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது. உடம்பில் எந்த வீக்கம், எந்தத் தொற்று வந்தாலும் கல்லீரல் இந்தப் புரதங்களை அள்ளிக் கொட்டும். சி.ஆர்.பி பற்றி 1930 முதலே தெரியும். ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டால் 'காய்ச்சல் இருக்கிறது' என்பதை மட்டும்தான் மாஸ் ஸ்பெக் சொல்லும், அதற்கு ஒரு தெர்மாமீட்டர் போதும். எலிக்காய்ச்சல்காரரை டெங்குக்காரரோடும் உண்ணிக் காய்ச்சல்காரரோடும் ஒப்பிட வேண்டும். அதுவும் காய்ச்சலின் அதே நாளில் எடுத்த ரத்தத்தோடு. அப்படிச் செய்தபோது என் நீளமான பட்டியல் ஒரு கைவிரலில் எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. வருத்தமாக இல்லை. மிஞ்சியதை நம்பி மேலே வேலை செய்ய முடிந்தது. இந்தத் துறையில் யாராவது தங்கள் முடிவைக் காட்டினால் நான் முதலில் கேட்பது, யாரோடு ஒப்பிட்டீர்கள் என்றுதான்.

அடுத்தது, பூஜ்யம். பழைய முறையில் கருவி ஒவ்வொரு நொடியும் கண்ணில் படும் பெப்டைடுகளில் வலுவானவற்றை மட்டும் எடுத்து உடைக்கும். மற்றதை விட்டுவிடும். அதனால் ஒரு நோயாளியில் இருக்கும் புரதம் அடுத்தவர் கட்டத்தில் காலியாக இருக்கும். அந்தக் காலி, 'இல்லை' என்று அர்த்தம் ஆகாது, 'பார்க்கவில்லை' என்பதுதான். இதை மறந்து காலி இடங்களில் பூஜ்யம் போட்டுக் கணக்குப் பார்த்தால் பொய்யான வித்தியாசங்கள் முளைக்கும். 2021-க்குப் பிறகு நாங்கள் டி.ஐ.ஏ முறைக்கு மாறினோம். அதில் வலுவானது, மெலிந்தது என்று பொறுக்காமல், எடை வரிசையில் எல்லாவற்றையும் பகுதி பகுதியாக உடைக்கிறார்கள். காலிக் கட்டங்கள் வெகுவாகக் குறைந்தன. வசதி இருந்தால் நேரே இதிலேயே தொடங்குங்கள்.

செல் வேலையையும் சொல்ல வேண்டும். வளர்ப்பில் இருக்கும் மனித வெள்ளணுக்களில் லெப்டோஸ்பைராவைச் சேர்த்து 1, 6, 24 மணி நேரத்தில் எடுத்தோம். மனிதத் தரவுப்பட்டியலையும் பாக்டீரியாத் தரவுப்பட்டியலையும் சேர்த்தே தேட வேண்டும். ஆனாலும் வருவது பெரும்பாலும் மனிதப் புரதம், செல் அவ்வளவு பெரிது. முதல் மணி நேரத்தில் ஒன்றுமே மாறவில்லை என்று முடிவு வந்தபோது குழம்பிப் போனேன். யோசித்தால் காரணம் நேரானது. என்.எஃப்-கப்பா-பி மாதிரியான, எதிர்ப்பு மரபணுக்களை இயக்கிவிடும் புரதம் தொற்று வந்ததும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. சைட்டோபிளாசத்தில் இருந்தது உட்கருவுக்குள் போகிறது. முழுச் செல்லையும் உடைத்துப் போட்டால் மொத்தம் அதே அளவுதான். உட்கருவையும் மீதியையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டியதும் நகர்வு தெரிந்தது. செல்லில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் சேதி.

இதற்கு லெப்டோஸ்பைராவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2009-ல் நேச்சர் இதழில் மால்ம்ஸ்ட்ரோம் குழு, இந்த பாக்டீரியாவின் புரதங்களில் ஏறத்தாழ பாதிக்கு, ஒரு செல்லில் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிக் காட்டியது. எலக்ட்ரான் டோமோகிராஃபியில், அதாவது எலக்ட்ரான் நுண்ணோக்கியால் எடுக்கும் முப்பரிமாணப் படத்தில், நேராகப் பார்த்தும் எண்ணிக்கையைச் சரிபார்த்தார்கள். எனக்கு இன்றும் பிடித்த வேலை அது. அதில் லிப்எல்32 என்ற புரதம் மட்டும் செல்லுக்குச் சுமார் 38,000 பிரதி. இவ்வளவு இருக்கிறது, வெளிச்சவ்வில்தான் இருக்கிறது, ஆக தடுப்பூசிக்கு இதுதான் என்று பலரும் நம்பினார்கள். அந்தப் புரதம் இல்லாத வகையும் நோயை உண்டாக்கியது. பிறகு 2013-ல், அது பெரும்பாலும் சவ்வின் வெளிமுகத்திலேயே இல்லை, உள்பக்கம் இருக்கிறது என்று காட்டினார்கள்.

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி கரை தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு மின்சாரம் போனது, ஜெனரேட்டருக்குள் தண்ணீர். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி நின்றது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு நாள் ஓட்டினோம், உலர்பனி கொண்டுவர ரோடு இல்லை. நான்கு பிசானத்தில் சேர்த்த சீரம் உருகிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு நோயாளி நம்பிக் கொடுத்தது, அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. எதிர்ப்பொருள் சோதனைக்கு மட்டும் சிலவற்றைப் பயன்படுத்தினோம். ஆனால் ஏற்கெனவே டிரிப்சின் போட்டு உலர்த்தி வைத்திருந்த பெப்டைடுகள் தப்பித்தன. அதிலிருந்து, மாதிரி வந்த அந்த வாரத்திலேயே ஒரு பங்கை வெட்டி, உலர்த்தி, வேறொரு கட்டடத்தில் வைத்துவிடுகிறேன். உலர்ந்த பெப்டைடு ரயிலில் ஒரு ராத்திரி போனாலும் தாங்கும். ஐஸ் உருகுமோ என்ற பதற்றமும் இல்லை.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால் முதலிலேயே ஓட்ட வேண்டாம். மேக்ஸ்குவான்ட், டி.ஐ.ஏ-என்.என் போன்ற மென்பொருளைக் கல்வி ஆய்வாளர்கள் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பிரைடு என்ற பொதுக் களஞ்சியத்தில் உலகத்தார் ஓட்டிய மூலத் தரவு கிடக்கிறது. என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதல் ஆறு மாதம் அதுதான் வேலை. கணினியில் நினைவகம் மட்டும் தாராளமாக வேண்டும்.

மிஞ்சிய அந்தக் கைவிரல் புரதங்களில் மூன்றை எடுத்து, புது நோயாளிகளின் ரத்தத்தில் எலிசா முறையில், அதாவது எதிர்ப்பொருளைக் கொண்டு ஒரு புரதத்தை அளக்கும் முறையில், சோதித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு நிற்கவில்லை, டெங்குவிலும் அதே அளவுக்கு ஏறின. ஒன்று இதுவரை நிற்கிறது, அதைப் போன பிசானத்தில் வந்தவர்களில் பார்த்தாயிற்று. இந்தப் பிசானத்திலும் பார்க்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல்காரர்கள் இன்னும் போதுமான எண்ணிக்கையில் சேரவில்லை. அந்த அக்கா நன்றாக இருக்கிறார். நடவு தொடங்கியதும் அவர் ஊர்ப்பக்கம் போய், காய்ச்சல் கண்டால் ரெண்டாம் நாளே வந்துவிடச் சொல்லிவிட்டு வர வேண்டும்.