சொந்த வார்ப்பா, பொது முதுகெலும்பா, அளந்து ஊற்றும் பெற்றோலா?

பிரான்ஸின் லெ மான்ஸில் 24 மணி நேரக் கார் ஓட்டத்துக்குச் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குக் கொடி அசையும்போது திருகோணமலையில் இரவு 7.30. ஜூன் மாதம். பகல் முழுக்கக் கச்சான் காற்று அடித்து, கராஜின் தகரக் கூரை இன்னும் சூடு ஆறாமல் இருக்கும். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் உள்ள அந்தக் கராஜில், பற்றரி சார்ஜரில் சாய்த்து வைத்த ஃபோனில்தான் நாங்கள் ஓட்டத்தைப் பார்ப்பது. கராஜ் அண்ணன், என் மருமகன், நான். இருபத்து நாலு மணி நேரமும் முழித்திருப்போம் என்றுதான் தொடங்குவோம். நாலாவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்தால் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும், 304 தொடங்கிவிடும், ஃபெராரி எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

ஆனால் சண்டை மட்டும் ஓயாது. சண்டை வண்டிகளைப் பற்றி அல்ல, விதிகளைப் பற்றி. ஹைப்பர்கார் என்ற உச்ச வகுப்பில் இப்போது இரண்டு சட்டப் புத்தகங்களில் கட்டிய கார்கள் ஒரே ஓட்டத்தில் ஓடுகின்றன. அந்த விதிகளின் ஆயுளை 2032 வரை நீட்டியிருக்கிறார்கள். கடைசியில் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எதை வைத்து ஒன்றாக்குவது என்பதில்தான் இழுபறி. கராஜுக்குள்ளேயே மூன்று கட்சி.

மருமகனின் கட்சி எல்எம்எச் (லெ மான்ஸ் ஹைப்பர்கார்). 2021இல் வந்த விதி. கம்பனி தன் காரை அடியிலிருந்து நுனிவரை தானே வார்க்கலாம். மின்மோட்டார் வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். வைத்தால் அது முன்சில்லுகளைத்தான் சுழற்ற வேண்டும், அதுவும் நிர்ணயித்த வேகத்துக்கு மேலேதான். ஃபெராரி 499பி, டொயோட்டா ஜிஆர்010, பெஜோ 9எக்ஸ்8 எல்லாம் இந்தக் குடும்பம். அஸ்டன் மார்ட்டின் வல்கிரி மட்டும் தனி ஆள்: மின்மோட்டாரே இல்லாமல் 6.5 லீற்றர் வி12 என்ஜினோடு 2025இல் வந்து இறங்கியது. அந்தச் சத்தத்தை ஃபோனில் கேட்டபோது அண்ணன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். 304இல் கைச்சீட்டை அப்படி வைத்துவிட்டு வரக் கூடாது என்பது வேறு விஷயம்.

அண்ணனின் கட்சி எல்எம்டிஎச். அவர் முப்பது வருஷமாக வண்டி திருத்துகிறவர், வேறு கட்சியில் இருக்கவே முடியாது. இந்த விதியில் உடற்சட்டகத்தை, அதாவது காரின் முதுகெலும்பை, டல்லாரா, மல்டிமேட்டிக், ஒரேகா, லிஜியே என்ற நாலு கடைகளில் ஒன்றிடம்தான் வாங்க வேண்டும். மின்மோட்டார் பொஷ் கொடுப்பது, கியர்பொக்ஸ் எக்ஸ்ட்ராக் கொடுப்பது, பற்றரியும் எல்லோருக்கும் ஒன்றுதான். கம்பனி தன் என்ஜினைப் பூட்டி, வெளித்தோற்றத்தைத் தன் சாயலில் செய்துகொள்ளலாம். என்ஜின் நீங்கலாக ஒரு காரை ஏறத்தாழ ஒரு மில்லியன் யூரோவுக்குள் முடிக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் வைத்த இலக்கு. போர்ஷ் 963, கடிலாக், பிஎம்டபிள்யூ, அக்யூரா, அல்பீன் எல்லாம் இந்த வழியில் வந்தவை. அமெரிக்காவின் இம்சா தொடரோடு (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்) பேசி எடுத்த ஏற்பாடு என்பதால், ஒரே காரை அங்குள்ள 24 மணி நேர ஓட்டமான டேடோனாவிலும் ஓட்டலாம், லெ மான்ஸிலும் ஓட்டலாம்.

"சாமான் கிடைக்காத கார் கார் இல்லை, தம்பி. அது முத்தத்தில நிக்கிற சிலை" என்பார் அண்ணன். அவருடைய கராஜில் பஜாஜ் ஓட்டோ காலையில் வந்தால் மத்தியானம் போய்விடும், சாமான் மூன்று கடை தள்ளி இருக்கிறது. ஊருக்கு ஒன்றாக வந்து சேர்ந்த ஐரோப்பியக் கார் ஒன்று கொழும்பிலிருந்து ஏதோ ஒரு சென்சர் வரும்வரை மாதக்கணக்கில் மூலையில் நின்றது. அதன் பொனட்டில்தான் நாங்கள் தேத்தண்ணீர் வைப்போம்.

மருமகன் விடமாட்டான். "2023, 2024, 2025. மூன்று வருஷமும் லெ மான்ஸ் யாருக்கு, மாமா?" மூன்றும் ஃபெராரிக்கு, அதாவது எல்எம்எச்சுக்கு. உண்மைதான். ஆனால் 2024இல் இரண்டாவதாக வந்த டொயோட்டாவுக்கும் ஃபெராரிக்கும் இடையே 14 விநாடிதான். 2025இல் இரண்டாவதாக வந்தது போர்ஷ், எல்எம்டிஎச். அந்த இடைவெளியும் 14 விநாடிதான். இருபத்து நாலு மணி நேரம் ஓடிய பிறகு 14 விநாடி! நான் ஃபோன் சார்ஜர் வயரைத் தேடி எடுக்கிற நேரம். இதை வைத்து இந்தச் சட்டப் புத்தகம் உசத்தி, அது தாழ்த்தி என்று சொல்ல முடியாது. மறுபக்கமாக, 2023 முதல் 2025 வரை டேடோனா முழுக்க எல்எம்டிஎச் கார்களே வென்றன என்று அண்ணன் கணக்குக் காட்டுவார். அந்த மூன்று ஓட்டங்களிலும் எல்எம்எச் கார் ஒன்றுகூட ஓடவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்.

உண்மையில் இந்த இரண்டு கட்சியும் கட்டிப்பிடித்துச் சண்டை போடுவது தேவையில்லாத இடத்தில். இரு வகைக் கார்களின் குறைந்தபட்ச எடை ஒன்று, 1030 கிலோ. வலு கிட்டத்தட்ட ஒன்று, 500 கிலோவாட் அளவில். காற்று காரைக் கீழே அழுத்துவதற்கும் பின்னே இழுப்பதற்கும் இடையிலான விகிதம்கூட ஒரு சிறிய கூட்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் மேலே பிஓபி என்ற தராசு. யாருடைய கார் வேகமாக இருக்கிறதோ அதற்குப் பாரம் ஏற்றி, வலுவைக் குறைத்து, மற்றவர்களோடு சமப்படுத்துவது. சொந்தமாக வார்த்தால் என்ன, கடையில் வாங்கினால் என்ன, கடைசியில் தராசுக்காரன் கையில்தான் எல்லாம்.

2023ஐ எடுங்கள். நூற்றாண்டு லெ மான்ஸ். ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் புதிய அட்டவணை வந்தது: டொயோட்டாவுக்கு 37 கிலோ கூடுதல், ஃபெராரிக்கு 24, கடிலாக்குக்கு 11, போர்ஷுக்கு 3. 37 கிலோ என்றால் ஐம்பது கிலோ அரிசி மூடையில் முக்கால். டொல்பின் வான் காலத்திலிருந்து டொயோட்டா பக்தரான அண்ணன் அன்றிரவு பேசவே இல்லை. டொயோட்டா 81 விநாடியில் தோற்றது. கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் அவர்களுடைய ஓட்டுநர் ஒரு வளைவில் சுழன்று தடுப்பில் மோதியதும் சேர்ந்துதான் அந்த 81 விநாடி என்பதை நான் சொன்னேன். அண்ணன் காதில் விழவில்லை. இதில் வேடிக்கை, பிஓபியைப் பற்றிக் கம்பனிகளோ ஓட்டுநர்களோ வெளியே வாய் திறக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. பாரத்தையும் ஏற்றிவிட்டு, முனகவும் கூடாது என்றால்?

இப்போது மூன்றாவது கட்சி. என்னுடையது. ஆளுக்கு இவ்வளவு எரிபொருள் என்று அளந்து கொடுத்துவிடுங்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இது புதிய யோசனை அல்ல, இரண்டு தடவை செய்து பார்த்ததுதான். 1982இல் வந்த குரூப் சி விதியில் 100 கிலோமீற்றருக்கு 60 லீற்றர், தாங்கி 100 லீற்றருக்கு மேல் போகக் கூடாது. என்ஜின் உங்கள் பாடு. போர்ஷ் சின்ன டர்போ என்ஜினோடு 1982 முதல் 1987 வரை தொடர்ந்து லெ மான்ஸை வென்றது. 1988இல் ஜாகுவார் டர்போவே இல்லாத 7 லீற்றர் வி12ஐக் கொண்டுவந்து அதே அளவுப் பெற்றோலில் அவர்களை முந்தியது. மறு வருஷம் சோபர் மெர்சிடிஸ், டர்போ வி8. ஒரே அளவு எண்ணெயிலிருந்து மூன்று விதமான விடை. அளந்து ஊற்றினால் வல்கிரி மாதிரி வி12 எல்லாம் செத்துவிடும் என்று மருமகன் பயப்படும்போது நான் 1988ஐத்தான் நினைவுபடுத்துவேன். அவன் அப்போது பிறக்கவில்லை.

இரண்டாவது தடவை 2014. ஒரு சுற்றில் இவ்வளவு எரிபொருள், இவ்வளவு மின்சக்தி என்று வரம்பு போட்டார்கள். மின்பங்கு 2, 4, 6, 8 மெகாஜூல் என்று படிப்படியாக. மின்சாரம் கூடினால் எண்ணெய் குறையும். போர்ஷ் 2 லீற்றர் வி4 டர்போவும் பற்றரியும். அவுடி 4 லீற்றர் டீசல், மின்சக்தியைச் சேமிக்கச் சுழலும் சக்கரம் ஒன்று. டொயோட்டா டர்போ இல்லாத 3.7 லீற்றர் வி8, அதனோடு பற்றரிக்குப் பதில் சூப்பர் கப்பாசிட்டர். மூன்று கம்பனி, மூன்று தத்துவம், ஒரே தடம். அந்த இரண்டு மூன்று வருஷத்துக்கு ஈடான பொறியியல் போட்டியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

எனக்கு இது ஏன் பிடிக்கிறது என்பதற்கு ஊர்க் காரணமும் உண்டு. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊரிலிருந்தும் 2022இல் நாங்கள் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்றோம். பிறகு கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஒரே வகை வண்டிக்கு ஒரே அளவு கிடைத்தபோதுதான் யார் கெட்டிக்காரன் என்று தெரிந்தது. ஒரு ஓட்டோக்காரர் அந்த ஐந்து லீற்றரில் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினார். இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிடுவது, ரயர் காற்றைத் தினமும் பார்ப்பது, கார்பரேட்டரைத் தானே திருகுவது என்று அவருக்கு ஆயிரம் வழி. இன்னொருவருக்குச் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிடும். பஞ்சத்தைப் புகழவில்லை, அந்த நாட்கள் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் அளவு ஒன்றாக இருந்ததால் ஆளைக் குறை சொல்ல முடிந்தது, அட்டையை அல்ல.

இன்றைய பிஓபியிலும் எரிசக்தி அளவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தடவை தடத்தின் ஓரத்துத் தரிப்பிடத்தில் (பிட்) நிறுத்தி எண்ணெய் நிரப்பினால், அடுத்த நிறுத்தம்வரை இத்தனை மெகாஜூல்தான் செலவழிக்கலாம். சில்லை இழுக்கும் அச்சுத்தண்டில் பொருத்திய முறுக்கு அளவி அதைக் கணக்குப் பார்க்கும். ஆக, இப்போதும் அளந்துதான் ஊற்றுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு அளவு. கோட்டா அட்டையில் உங்கள் வண்டிக்கு 5 லீற்றர், போன கிழமை நன்றாக ஓடியதால் இந்தக் கிழமை நாலரை என்று போட்டால் பெற்றோல் செட்டில் என்ன நடந்திருக்கும்?

சரி, என் கட்சிக்கு ஓட்டை இல்லையா? இருக்கிறது, பெரிய ஓட்டை. அளவு ஒன்று என்றால் அந்த அளவிலிருந்து இன்னொரு துளியைப் பிழிந்தெடுக்கக் கம்பனிகள் கஜானாவையே திறந்துவிடும். 2016 முடிவில் அவுடி போனது, அதற்குத் தாய்க் கம்பனி ஃபொக்ஸ்வாகனின் டீசல் புகை ஊழலின் செலவும் ஒரு காரணம். 2017 முடிவில் போர்ஷ் போனது. 2018 லெ மான்ஸில் உச்ச வகுப்பில் மிஞ்சிய ஹைபிரிட் (என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள) கார்கள் இரண்டே இரண்டு, இரண்டும் டொயோட்டா. போட்டிக்கு ஆள் இல்லாத பந்தியில் முதல் இலை கிடைத்தென்ன? 2025 லெ மான்ஸிலோ அதே வகுப்பில் எட்டுக் கம்பனிகளின் 21 கார்கள். இதைக் கொண்டுவந்தது பொதுச் சாமானும் பிஓபியும்தான், என் பெற்றோல் அட்டை அல்ல. குரூப் சியின் கதையும் அப்படித்தான் முடிந்தது. எண்ணெய் விதியைத் தூக்கிவிட்டு 3.5 லீற்றர் என்ஜினைக் கட்டாயமாக்கிச் செலவை ஏற்றினார்கள், 1992க்குப் பிறகு உலகத் தொடரே இல்லாமல் போனது.

ஆக, நான் இறங்கி வந்திருக்கும் இடம் இது. உடற்சட்டகத்தை விரும்பினால் சொந்தமாக வார்க்கட்டும், விரும்பினால் கடையில் வாங்கட்டும். அதில் அண்ணனும் மருமகனும் சமாதானமாகலாம். பற்றரி, மின்மோட்டார், கியர்பொக்ஸ் எல்லோருக்கும் பொது. பார்க்கிறவன் கண்ணுக்கே தெரியாத சாமானில் காசைக் கொட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை. என்ஜின் முழுச் சுதந்திரம். எடை ஒன்று, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம்வரை எரிசக்தி ஒன்று, 21 காருக்கும். ஒருவர் மிகவும் பின்தங்கினால் வருஷ முடிவில் அவருக்கு மட்டும் காரைத் திருத்த ஒரு கூடுதல் வாய்ப்பு. ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அரிசி மூடை ஏற்றுகிற வேலை இல்லை.

மருமகன் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இங்கே எழுதத்தான் வேண்டும். "அப்படி எண்டால் முதல் வருஷம் சரியாகச் செய்தவர்தான் அஞ்சு வருஷமும் வெல்லுவார், மாமா. ஆர் பார்ப்பினம்?" 2018இலிருந்து 2022 வரை டொயோட்டா தொடர்ந்து ஐந்து தடவை வென்றபோது, அண்ணனைத் தவிர வேறு யாரும் எங்கள் கராஜில் முழித்திருக்கவில்லை என்பது உண்மை. நான் 304க்குச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.