பொங்கலுக்குக் கன்றா, விதையா, ஒரு சாக்கு எருவா?

மாமி பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியபோது அதில் காய்ந்த குச்சி ஒன்றுதான் நின்றது. மூன்று வருடங்களுக்கு முந்திய தைப்பொங்கலுக்கு நானே பதி வைத்து, வேர் பிடிக்கச் செய்து, சிவப்புச் சாடியில் நட்டுக் கொடுத்த மாதுளங்கன்று அது. பங்குனியில் மகளின் விசா அலுவலாகக் கொழும்புக்குப் போனவர் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் யாழ்ப்பாணத்து இணுவிலுக்குத் திரும்பினார். "நீ தந்த கன்றைச் சாக விட்டுவிட்டேன், தம்பி" என்று அவர் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறவர். அவருக்கு நான் கொடுத்தது ஒரு வேலை.

அதிலிருந்துதான் இந்த யோசனை தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் தோட்டப் பைத்தியம் உள்ளவர்கள் குறைந்தது ஆறு பேர். நத்தாருக்கும் பொங்கலுக்கும் அவர்களுக்குக் கடையில் எதை வாங்கிக் கொடுத்தாலும் முகம் மலராது. வீட்டில் செய்து கொடுத்தால் மலரும். மூன்று பொங்கல்களில் மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்: முதலில் கன்று, அடுத்து விதை, பிறகு கூட்டெரு. நான் இப்போது எருவின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சிரட்டைச் சாடி, வண்ணம் பூசிய போத்தல் போன்றவற்றை ஒரே வரியில் தள்ளிவிடலாம். சிரட்டைக்குள் இருக்கும் ஒரு பிடி மண் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். பனையின் சார்வோலையில் பின்னிய கடகப்பெட்டி நல்ல பரிசு, புல் பிடுங்கிப் போடுவதற்கு அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் பின்னத் தெரிந்திருக்க வேண்டும். என் மாமியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வாங்கிக் கொடுத்தால் அது வீட்டில் செய்ததாகாது.

கன்றின் அழகை மறுக்க முடியாது. மாதுளை, தேசி, மல்லிகை எல்லாம் பதி வைக்க இசைவானவை. விரல் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தும்புத்தூளை வைத்துப் பொலித்தீனால் கட்டிவிட்டால் இரண்டு மாதத்துக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். கறுத்தக்கொழும்பான் மாங்கன்று கொடுத்தால் இன்னும் பெருமைதான். ஆனால் விதை மாங்கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்றாக இருக்க வேண்டும், ஒட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். நான் ஒட்டிய நான்கில் ஒன்றுதான் பிழைத்தது. ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

கன்றின் சிக்கல் அதைக் கொடுக்கும் காலத்தில் இருக்கிறது. எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு வந்து முடிந்துவிடும். பொங்கலன்று வளவு முழுவதும் பச்சையாக இருக்கும்போது கன்றைக் கையில் வாங்குகிறவருக்கு முன்னால் இருப்பதோ மாசிப் பனியும் பங்குனி வெயிலும், அதன் பிறகு ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும் சோழகக் காற்றும்தான். சித்திரையில் ஒன்றிரண்டு மழை விழலாம், விழாமலும் போகலாம். இங்கே ஆறு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறு என்று அழைப்பதே ஒரு மரியாதைக்குத்தான். எல்லாத் தண்ணீரும் கிணற்றிலிருந்து வர வேண்டும். எங்கள் முற்றத்தில் மண்சாடிக்குப் பங்குனியில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நின்ற தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளை, சாடியின் விளிம்பிலும் படிகிறது.

ஆகவே பரிசு கொடுக்கும்போது நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கொடுத்த பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது? பெரிய வளவு உள்ளவர்கள் கன்றை நிலத்தில் நட்டுவிடலாம் என்பீர்கள். நிலத்தில் நட்டாலும் முதல் வருடக் கோடை முழுக்க ஊற்றத்தான் வேண்டும். தோட்டம் வைத்திருப்பவருக்கு ஏற்கெனவே ஊற்ற வேண்டியவை நாற்பது இருக்கும். நாம் அன்போடு கொடுப்பது நாற்பத்தொன்றாவது. பயணம் போகிறவர், முழங்கால் வலி உள்ளவர், நீர்ப் பம்பி பழுதான வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தால் என் பட்டியலில் கன்று வாங்கத் தகுந்தவர் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். தீபாவளிக்குக் கொடுப்பதென்றால் கதை வேறு. மழை முன்னால் இருக்கும், கன்று தானாக வேரூன்றிக்கொள்ளும்.

விதை தண்ணீர் கேட்காது, காத்திருக்கும். அந்த வகையில் அது கன்றைவிட மேல். இரண்டாம் வருடம் தின்னவேலிக் கத்தரி, பயிற்றங்காய், மிளகாய் என மூன்றையும் காகிதப் பொட்டலத்தில் மடித்து, எடுத்த மாதத்தை மேலே எழுதிக் கொடுத்தேன். கத்தரிக்காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, பயிற்றங்காயைக் கொடியிலேயே காய விட்டு எடுத்தவை. அவை இரண்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிப்பவை என்பதால் பெரிதாக ஏமாற்றவில்லை. மிளகாயில்தான் மாட்டிக்கொண்டேன். கடையில் வாங்கிய கலப்பினச் செடியிலிருந்து அந்த விதையை எடுத்திருந்தேன். அடுத்த தலைமுறையில் ஒரு செடி குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும், ஒன்றில் காய் உறைப்பில்லாமலும் வந்தது. பெரியம்மா இன்றைக்கும் அதை "உன் கறிமிளகாய்" என்றுதான் சொல்கிறார்.

விதை கொடுக்கத் தீர்மானித்தால் பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கறிவேப்பிலை, வேம்பு விதைகளைப் பொட்டலம் கட்டவே வேண்டாம், சில வாரங்களில் உயிர் போய்விடும். கத்தரி, தக்காளி வருடக்கணக்கில் தாங்கும். பயற்றுக்கு வண்டுதான் எதிரி, நான் சாம்பல் கலந்து வைக்கிறேன். கனடாவிலிருந்து வந்த மச்சாளுக்கும் ஒரு பொட்டலம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு விமான நிலையச் சோதனையை நினைத்து விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் விதை ஏன் பின்தங்கியது என்றால், முப்பது வருடம் தோட்டம் செய்தவரிடம் அவருடைய விதை இருக்கிறது. அதன் பூர்வீகம் அவருக்குத் தெரியும். என்னுடையதை வாங்கி அலுமாரியில் வைப்பார். நான் கொடுத்த ஆறு பொட்டலங்களில் நான்கு இன்னும் அலுமாரியிலேயே இருக்கின்றன என்று நினைக்கிறேன், கேட்கத் துணிவில்லை.

எருவை யாரும் அலுமாரியில் வைக்க மாட்டார்கள்.

இது எங்கள் மண்ணைப் பொறுத்த விடயம். வலிகாமத்துச் செம்மண் நல்ல மண்தான், ஆனால் தண்ணீரை நிற்க விடாது. இந்தச் சூட்டில் நாம் போடும் தழையும் எருவும் விரைவில் உக்கிக் கரைந்துவிடும். அதனால்தான் முந்தியவர்கள் ஒவ்வொரு போகத்துக்கும் பச்சைக் குழையை மண்ணுக்குள் தாழ்த்தினார்கள், பனையோலையை வெட்டிப் புதைத்தார்கள். அந்தக் குழை எங்கிருந்து வந்தது? வேலியிலிருந்து. பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் வேலியாக நின்ற இடங்களில் இப்போது மதில். மதிலில் குழை முளைப்பதில்லை. மாடு வைத்திருக்கும் வீடுகளும் குறைந்துவிட்டதால் மாட்டெருவுக்கு ஆள் பிடித்துச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது எல்லாரும் சேதனப் பசளையைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே தடை தளர்ந்தது, பேச்சும் தளர்ந்தது. எருவின் பஞ்சம் மட்டும் போகவில்லை. ஆகவே அரித்தெடுத்த பத்துக் கிலோ கூட்டெருவோடு படலையைத் திறந்துகொண்டு போகிறவருக்குக் கிடைக்கும் வரவேற்பே தனி. மாமி சாக்குக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்துவிட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார்.

செய்வது பெரிய வித்தையில்லை, பொறுமைதான் வேண்டும். குவியல் மூன்று அடி நீள அகல உயரமாவது இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். பச்சைக்கு ஒரு பங்கென்றால் காய்ந்ததற்கு இரண்டு பங்கு. என்னுடையதில் சீமைக்கிளுவைக் குழை, துண்டாக வெட்டிய வாழைத்தண்டு, மாஞ்சருகு, கரைத்த சாணம். ஒரு தடியைக் குத்தி வைத்துப் பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள், நுனி சுட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மாரி மழையில் திறந்து விட்டால் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், கிடுகால் மூடுங்கள். அடுப்புச் சாம்பல் இருக்கிறதே என்று அள்ளிக் கொட்டாதீர்கள். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் குடிக்கும் மண்ணுக்கு இன்னும் காரம் எதற்கு?

குறைகளையும் சொல்ல வேண்டும். பாரம் முதலாவது. சைக்கிளில் ஒரு சாக்குக்கு மேல் கட்ட முடியாது, ஆறு வீட்டுக்கு ஆட்டோ பிடித்தால் பரிசைவிடக் கூலி கூடிவிடும். இரண்டாவது, உங்கள் வளவின் கோரைக்கிழங்கு அடுத்தவர் வளவுக்குப் போகும் அபாயம். கோரை வளர்ந்த இடத்துப் புல்லை நான் குவியலில் சேர்ப்பதே இல்லை. மூன்றாவதுதான் மோசம்: காண்டாமிருக வண்டு எருக்குவியலில் முட்டையிடும். தென்னை உள்ள வீட்டுக்கு அதன் புழுவைப் பரிசாகக் கொண்டுபோனால் உறவே முறிந்துவிடும். கால் அங்குலக் கம்பிவலையில் அரித்தால் பருத்த வெள்ளைப் புழுக்கள் வலையில் தங்கும். எங்கள் கோழிகளுக்கு அன்று பெருநாள்.

மண்புழு எருவை ஒரு போகம் மட்டுமே செய்தேன். நன்றாகத்தான் வந்தது, ஆனால் சித்திரைச் சூட்டில் புழுக்கள் பாதி இறந்துவிட்டன. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தீவகத்து உவர் மண்ணில் தோட்டம் செய்கிறவர்களுக்கு எது உதவும் என்பதும் என் அனுபவத்துக்கு வெளியே. ஓர்க்கிட், அந்தூரியம் வளர்ப்பவர்களுக்கு எருச்சாக்கைக் கொண்டுபோகாதீர்கள், அவர்களுக்கு வேண்டியது கரியும் தும்புத்துண்டும்.

போன பொங்கலுக்குக் கொடுத்ததில் ஒரு தவறும் நடந்தது. குவியலை ஐப்பசி முதல் மழைக்குப் பிறகுதான் தொடங்கினேன், தைக்குள் சரியாக உக்கவில்லை. அவசரத்தில் அப்படியே அரித்துக் கொடுத்தேன். கோப்பாயில் இருக்கும் சின்னம்மாவின் வெண்டிக்கன்றுகள் இரண்டு வாரம் மஞ்சளாக நின்றன. பாதி உக்கிய எரு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே தின்னத் தொடங்கிவிடும். ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி நாலைந்து நாள் வைத்துத் திறந்திருந்தால் நாற்றமே சொல்லியிருக்கும். அல்லது அதில் ஒரு சிட்டிகை முளைக்கீரை விதை தூவிப் பார்த்திருக்கலாம். மாமியின் மாதுளைக்கு ஆனது சின்னம்மாவின் வெண்டிக்கு ஆகவில்லை, கன்றுகள் பிறகு தேறிவிட்டன.

இந்த வருடம் ஆடிப்பிறப்பன்று கூழ் குடித்த கையோடு குவியலைத் தொடங்கிவிட்டேன். கிழக்கு மூலையில், மதிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்றுத் தடியை இழுத்தபோது நன்றாகச் சுட்டது.