மார்க்கோஸை இறக்கியது துப்பாக்கியா, கூட்டமா?

ஒரு சர்வாதிகாரியை இறக்க எது நல்ல வழி: கிளர்ச்சியாளருக்கு ஆயுதம் தருவதா, ஆட்சியின் ஆயுதத்தையே செயலிழக்க வைப்பதா? பிலிப்பைன்ஸில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸுக்கு எதிராக இரண்டும் நடந்தன.

விலை: 1972-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளருக்குச் சீன உதவியோடு கப்பலில் துப்பாக்கிகள் வந்தன, விஷயம் வெளியே வந்துவிட்டது. அதையும் காரணம் காட்டி மார்க்கோஸ் செப்டம்பரில் ராணுவச் சட்டம் போட்டார். யாருக்கு லாபம் பாருங்கள்!

வேகம்: அந்தக் கம்யூனிஸ்டுகள் 1969-இல் தொடங்கிய புதிய மக்கள் படையால் அவரை அசைக்க முடியவில்லை. 1986 பிப்ரவரியில் தலைநகர் மணிலாவின் எட்சா சாலையில் திரண்ட கூட்டம் நான்கே நாளில் வெளியேற்றியது. டாங்கிகளுக்கு முன் கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு மண்டியிட்டார்கள், சிப்பாய்கள் சுடவில்லை. சரி, ராணுவத்தில் ஒரு பிரிவு முன்பே கலகம் செய்திருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

நீடிப்பு: இரண்டுமே சுமார்தான். 2022-இல் மார்க்கோஸ் மகனே அதிபரானார்.

சிப்பாய் தயங்க வாய்ப்புள்ள நாட்டுக்கு இரண்டாவது வழி. தயங்கவே மாட்டான் என்றால் முதல் வழியை யோசிக்கலாம், நீண்ட போருக்குத் தயாராக இருந்தால்.