ஃப்ளாப்புக்கு முன் ரைஸா, காலா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாமா வீட்டில் சனிக்கிழமை இரவு லிமிட் போக்கர் ஆடுவோம், அதாவது பந்தயத்தை ஏற்றுவதற்கு வரம்பு வைத்த சீட்டாட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில்; பிறகு எல்லாருக்கும் பொதுவாக மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டுதான் ஃப்ளாப். பந்தயத்தை ஏற்றினால் ரைஸ், இருக்கும் பந்தயத்துக்குச் சமமாக வைத்து நின்றால் கால். பந்தயம் புளியங்கொட்டைதான்.

கையில் இரட்டை ஏஸ் வந்தால் யோசிக்கவே வேண்டாம், ரைஸ். எதிரில் ஒருவர் என்றால் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். ஐந்து பேர் நின்றால் ஏறக்குறைய பாதிதான். அப்போதும் மற்ற எவரையும்விட அதிகம் ஜெயிப்பது நீங்கள்தான், அதனால் கொட்டை குவியட்டும்.

இரட்டை ஐந்து வேறு கதை. ஃப்ளாப்பில் மூன்றாவது ஐந்து விழுவது எட்டு, ஒன்பது தடவைக்கு ஒன்றுதான். அதற்கு மலிவாக நுழைய வேண்டும், கூட்டமும் வேண்டும், கால் செய்தால் போதும். போன வாரம் மாமா முதல் ஆளாகவே இதில் ரைஸ் செய்தார். எல்லாரும் சீட்டை மடக்க, அத்தை மட்டும் இரட்டை ஒன்பதுடன் நின்றார். கொட்டையெல்லாம் அத்தை பக்கம் போனது.

சரி, கடைசி இடத்தில் உட்கார்ந்து, முன்னால் எல்லாரும் மடக்கியிருந்தால்? அப்போது இரட்டை ஐந்துக்கும் ரைஸ்தான் செய்வேன். எனக்குப் பின்னால் இருக்கும் இருவர் சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைத்த பந்தயம், அதாவது பிளைண்டு இரண்டும், சும்மாவே கைக்கு வரலாம்.